எழுபத்தைந்து நிமிஷமும் ஒரு பகலும்

ஐரோப்பாவுக்குப் போய்வந்தவர்களிடம் நம்மூரில் கேட்கப்படும் முதற் கேள்வி "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?" என்பதும், இரண்டாவது கேள்வி "என்னென்ன பார்த்தீர்கள்?" என்பதுமாகும். முதற் கேள்விக்கு என்னால் விஸ்தாரமாகவும் உண்மையாகவும் விடை சொல்ல முடிந்தது. இரண்டாவது கேள்விக்குத்தான், சென்ற ஆண்டு பாரிஸ் நகரில் ஒரு முழுப் பகலைக் கழித்துவிட்டுத் திருவண்ணாமலைக்குத் திரும்பிய நாள் முதலாக, நேர்மையான விடை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பத்து நாட்களில் ஏழு தேசங்களைக் காட்டிவிடுவதாக வாக்களித்த ஒரு பிரயாண ஸ்தாபனத்தின் பஸ்ஸில் நாங்கள் நாற்பது பேர் இருந்தோம். பாரிஸுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பகல். அதிலே லூவர் கலைக்கூடத்துக்கு ஒதுக்கப்பட்டது எழுபத்தைந்து நிமிஷம். கண்ணாடிப் பிரமிடின் வாயிலில் எங்களை வரிசையாக நிறுத்தித் தலைகளை எண்ணிய வழிகாட்டி இளைஞர், "மோனாலிசாவப் பாத்துட்டு நேரா பஸ்ஸுக்கு வந்துடணும் சார், வேற எங்கயும் நிக்கக் கூடாது" என்று, பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகளை எச்சரிக்கும் உபாத்தியாயரைப்போல் எச்சரித்தார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 1793-ஆம் ஆண்டில், அரசனைச் சிரச்சேதம் செய்த சில மாதங்களுக்குள், அவனுடைய அரண்மனையைப் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்ட அந்த இடத்தில் இன்று பார்வைக்கு வைத்திருக்கும் பொருள்கள் சுமார் 35,000; ஒன்றுக்கு அரை நிமிஷம் வீதம் கொடுத்துப் பார்த்தாலும், ஊண் உறக்கமின்றி ஏறக்குறைய 290 மணி நேரம் அங்கேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். முழுவதையும் பார்க்க இயலாது என்பது நிச்சயமாகிவிட்டபின் எழுபத்தைந்து நிமிஷமென்ன, ஏழரை மணியென்ன என்று அவர் கணக்கிட்டிருக்கக் கூடும்.

லியொனார்டோ டாவின்சி தீட்டிய அந்தச் சித்திரம் ஏறக்குறைய இரண்டரை அடி உயரமே உடையது. கண்ணாடிக்குப் பின்னால், கம்பித் தடுப்புக்கு அப்பால், நூற்றுக்கணக்கான கைகள் உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் இடுக்கு வழியே அந்த அம்மையின் முகத்தை நான் கண்டது, மனமறிந்து சொன்னால், பன்னிரண்டு விநாடிகள் இருக்கும். அதற்குள் காவலர் கையசைத்துவிட்டார். கார்த்திகை மாதத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் மூலஸ்தானத்துக்கு எதிரே நின்று, "நகருங்க, நகருங்க" என்ற குரல் செவியில் விழுமுன் ஒரு கணம் அண்ணாமலையாரைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியேறிப் பழகிய எனக்கு, அந்தக் கையசைப்பின் பாஷை புதிதல்ல. புதிதாக இருந்தது வேறொன்று. வெளியே வரத் திரும்பியபோதுதான் அதே மண்டபத்தின் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். அகலம் முப்பத்திரண்டு அடி, உயரம் இருபத்திரண்டு அடி என்னும் அளவில், கானா என்ற ஊரின் கலியாண விருந்தை வெரொனேசே என்ற வெனிஸ் நகரத்து ஓவியர் தீட்டிய சித்திரம் அங்கே விரிந்துகிடந்தது. லூவரிலுள்ள ஓவியங்களில் அதுவே மிகப் பெரியது. 1797-இல் நெப்போலியனின் படைகள் வெனிஸில் ஒரு மடத்தின் போஜன சாலையிலிருந்து அதைக் கொள்ளையடித்துக் கொண்டுவந்தன. அந்த மண்டபத்திலிருந்த அத்தனை ஜனங்களும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். பன்னிரண்டு விநாடிகளுக்கு முன்புவரை நானும் அப்படியே நின்றேன்.

தரிசனம் என்பதற்கும் பார்வை என்பதற்கும் நம்முடைய பாஷையில் உள்ள வேற்றுமை, பிரயாணம் போகிறவர்கள் மூட்டை கட்டுவதற்கு முன் யோசித்துக்கொள்ள வேண்டிய ஒன்று என்பது என் அபிப்பிராயம். தரிசனம் ஒரு கணத்தில் பூர்த்தியாகிவிடும். தீபாராதனையின் ஒளியில் ஒருமுறை தெரிந்தால் போதும், அதிலே குறையென்று எதுவுமில்லை, ஏனென்றால் நாம் பார்ப்பது மாத்திரமன்று, நம்மைப் பார்ப்பதும் அங்கே நிகழ்கிறது என்பது நம் நம்பிக்கை. பார்வையோ அப்படியன்று, அது நின்று, சுற்றி, குனிந்து, மறுபடியும் வந்து, கேட்டு, படித்துச் சிறுகச் சிறுக முற்றுவது. கோயிலில் தரிசனம் செய்யப் பழகிய நாம் ஐரோப்பாவின் கலைக்கூடங்களிலும் தரிசனமே செய்துவிட்டு வருகிறோம் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. பார்வை வேண்டிய சுவர்களும் தூண்களும் கற்களும் நிரம்பிய நம்முடைய ஊர்களிலும் தரிசனத்தோடு நிறுத்திக்கொண்டோம் என்பதுதான் வருத்தம்.

அன்று பிற்பகல் ஈபெல் கோபுரத்தின் அடியில் படம் பிடித்துக்கொண்டபின் எல்லாரும் வாசனைத் திரவியக் கடைக்குப் புறப்பட்டார்கள். எனக்கு அதில் சிரத்தையில்லாமையால், மாலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்துகொள்ளுகிறேனென்று கெஞ்சி அனுமதி வாங்கி, சேன் நதியின் பாலத்தைக் கடந்து, கால் மணி நடையில் கிமே கலைக்கூடத்துக்குப் போனேன். எமில் கிமே என்பவர் லியோன் நகரத்து ஆலை முதலாளி. 1876-இல் ஜப்பான், சீனம், இந்தியா முதலிய தேசங்களில் பிரயாணம் செய்து, அங்கிருந்து சேகரித்த பொருள்களைக் கொண்டு 1879-இல் தம்முடைய ஊரிலேயே ஒரு கலைக்கூடம் திறந்தார். பத்தாண்டுகளுக்குப் பின், ஈபெல் கோபுரம் எழுந்த அதே 1889-இல், அது பாரிஸுக்கு வந்தது. அவருடைய குடும்பத்துச் செல்வம் எல்லாம் நீல நிறத்தில் விளைந்தது. செயற்கை முறையில் நீலப்பொடி செய்யும் வழியைக் கண்டவர்களில் அவருடைய தகப்பனார் ஒருவர். பழைய நாளில் நம் வீட்டுப் பெண்கள் வெள்ளை வேட்டிக்குப் போட்டு அலசிய நீலப்பொடியும் அதே ஜாதிதான் என்பது நினைவுக்கு வந்தபோது, அந்த மாளிகையில் எனக்கும் ஏதோ ஒரு சிறு பங்கு இருப்பதாகத் தோன்றிற்று.

அங்கே சோழர் காலத்து நடராஜர் ஒருவர் இருக்கிறார். கூட்டமில்லை, காவலர் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், நகரச் சொல்வார் யாருமில்லை. கைகள் தாமாகக் குவிந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் பின்புறமாகச் சுற்றி வந்தேன். அப்பொழுதுதான், அறுபது ஆண்டுகளாகக் கோயில் கோயிலாகப் போய்வந்தும் ஓர் உற்சவ மூர்த்தியின் முதுகை நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது தெரிந்தது. நம்முடைய கோயில்களில் பட்டும் புஷ்ப மாலையும் கவசமும் சார்த்தியபின் முகமும் பாதமும் மாத்திரமே நம் பங்குக்கு மிஞ்சும். இங்கேயோ பிடரியில் புரளும் சடைச் சுருள்களும், தலையின் பின்னே வட்டமான சிரச்சக்கரமும், முதுகெலும்பின் மெல்லிய பள்ளமும், தூக்கிய காலின் பாரம் எந்த இடுப்பில் இறங்குகிறது என்பதும் கண்ணெதிரே இருந்தன. யாருமே பார்க்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தும் அந்த ஸ்தபதி பின்புறத்திலும் உளியை அலட்சியமாக ஓட்டவில்லை. வெட்கமும் ஆனந்தமும் கலந்த ஒரு நிலையில் நின்றேன். நம் வீட்டுப் பெரியவர் ஒருவரை அவர் ஸ்நானம் செய்யும் நேரத்தில் தற்செயலாகக் கண்டுவிட்டதுபோன்ற வெட்கம் அது. வீதி உலாவுக்காக வார்த்த மூர்த்தி வீதியே இல்லாத மாளிகையில் நிற்கிறாரே என்ற ஏக்கமும் கூடவே வந்தது. இரண்டில் எது நியாயமென்று அங்கே நான் தீர்மானிக்கவில்லை. இன்னமும் தீர்மானித்ததாகச் சொல்ல முடியாது.

பிரெஞ்சுக்காரர்களுக்கு இந்த மூர்த்தியின் மேலுள்ள ஈடுபாடு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்டது. மகாசிற்பி ரோடேன் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராஜரின் புகைப்படங்களை மேஜைமேல் பரப்பிவைத்துக்கொண்டு, அங்கம் அங்கமாக வியந்து 1913-இல் அவர் எழுதிய குறிப்புகள், அவர் காலமானபின் 1921-இல் அச்சேறின. அவர் வியந்த அந்த மூர்த்தி வீற்றிருக்கும், 1851-இல் தோன்றிய நம்முடைய சென்னை அருங்காட்சியகத்துக்கு, பட்டணத்து ஜனங்கள் இட்ட பெயர் "செத்த காலேஜ்". மிருகக் காட்சிசாலைக்கு "உயிர்க் காலேஜ்". அந்தப் பெயரில் பரிகாசம் மாத்திரமன்றி ஒரு தத்துவமும் இருக்கிறது என்பதைக் கொஞ்சம் பின்னால் சொல்லுகிறேன்.

இரவில் சாப்பாட்டுக்காக லா ஷப்பல் பகுதிக்குப் போனோம். யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் கடைகள் நிறைந்த அந்த வீதிகளில், ஆண்டுதோறும் ஆவணியை ஒட்டி மாணிக்க விநாயகர் தேர் ஓடுவதையும், தேங்காய்கள் மலைமலையாக உடைவதையும் பாரிஸ்வாசிகள் வேடிக்கை பார்க்கிறார்கள். நாங்கள் தோசை தின்ற கடையின் சொந்தக்காரர் என் ஊரைக் கேட்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். "அடுத்த வருஷம் இந்தியாவுக்குப் போறன் ஐயா. திருவண்ணாமலையிலை ஒரு நாள்தான் நிக்கலாம். என்னென்ன பாக்கலாம்?" என்று கேட்டார். கோயில், கிரிவலம், ரமணாசிரமம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் மரியாதையாகச் சற்றுக் காத்திருந்தார், நான் மேலே ஒன்றும் சொல்லாததைக் கண்டு, "அது யூடியூப்பிலையே கிடக்கு ஐயா. நீங்கள் அந்த ஊர் ஆள் எல்லோ, அதுதான் கேட்டனான்" என்றார்.

பாரிஸிலிருந்து நான் கொண்டுவந்த சாமான்களில் கனமானது அந்த வாக்கியம்தான். ஊருக்குத் திரும்பி, பௌர்ணமி நெருக்கடி ஓய்ந்தபின், ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்து, வெளியூர்க்காரன்போல் ஒரு தண்ணீர்ப் புட்டியும் குடையும் எடுத்துக்கொண்டு காலை ஏழு மணிக்குக் கோயிலுக்குப் புறப்பட்டேன். முதலில் சந்நிதிக்குச் சென்று தரிசனத்தை முடித்துக்கொண்டேன்; இல்லாவிட்டால் மனம் நிலைகொள்ளாது. அதன்பின் அன்று முழுவதும் பார்வை.

217 அடி உயரமுள்ள கிழக்கு ராஜகோபுரத்துக்கும், ஆயிரங்கால் மண்டபத்துக்கும், அதன் எதிரேயுள்ள சிவகங்கைத் தீர்த்தத்துக்கும் அடியிட்டவர் விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் என்பதும், கோபுரத்தை முடித்துவைத்தவர் தஞ்சை நாயக்கராகிய செவ்வப்பர் என்பதும் இவ்வூரில் பிறந்த எவரும் கேட்டறிந்தவையே. ஆனால் வடக்குக் கோபுரத்தின் கீழ் நிற்கும்போது வருகிற உணர்ச்சி வேறு. மன்னர்கள் எழுப்பிய கோபுரங்களுக்கு நடுவில், துறவியான ஒரு பெண்மணி வீடு வீடாகச் சென்று பொருள் தண்டி எழுப்பிய கோபுரம் அது. அம்மணியம்மன் கோபுரம் என்று அவர் பெயராலேயே வழங்குகிறது. அந்தக் கோபுரத்தின் உயரத்தை அடியில் சொல்வதைக் காட்டிலும் படியில் சொல்வதே பொருந்தும். எத்தனை வீட்டுப் படிகளை அந்த அம்மாள் ஏறி இறங்கியிருப்பார்!

வல்லாள மகாராஜன் கோபுரத்தின் கீழ் நான் அதிக நேரம் நின்றேன். போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன், துவாரசமுத்திரம் டில்லிப் படைகளால் அலைக்கழிக்கப்பட்டபின், திருவண்ணாமலையைத் தன் ராஜதானியாகக் கொண்டிருந்தவன். மதுரைச் சுல்தானோடு நடந்த போரில் 1342-ஐ ஒட்டிப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அந்நாளில் மதுரைக்கு வந்த உலக யாத்திரிகர் இபின் பதூதா, அம்முதிய மன்னனின் உடல் மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிடப்பட்ட கோரத்தை எழுதி வைத்திருக்கிறார். சரித்திரம் இவ்வளவோடு நின்றுவிடும். கோயில் நிற்கவில்லை. பிள்ளையில்லாத அம்மன்னனுக்குத் தாமே பிள்ளையானவர் அண்ணாமலையார் என்பது ஸ்தல ஐதிகம். ஆகவே ஆண்டுதோறும் மாசி மகத்தன்று சுவாமி பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதியில் தீர்த்தவாரி கண்டு, வல்லாளனுக்குத் திதி கொடுக்கிறார். ஏறக்குறைய 680 ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஓர் அரசனின் நினைவைக் காக்க லூவரிலே ஒரு கண்ணாடிப் பெட்டியும் நான்கு வரிக் குறிப்பும் வைப்பார்கள். இங்கே தெய்வமே தர்ப்பை ஏந்துகிறது. "செத்த காலேஜ்" என்று பட்டணத்தார் எதைச் சொன்னார்கள் என்பதும், கோயிலை ஏன் அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வரவில்லை என்பதும் எனக்கு விளங்கிய இடம் அது.

இந்த ஊருக்கு இது வெறும் தத்துவமாக இருந்ததில்லை, வழக்காகவும் வந்தது. 2002-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவமுடைய நினைவுச் சின்னமாக அறிவித்துத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதும், ஊர் முழுவதும் எதிர்ப்பு மூண்டதும், விவகாரம் உச்ச நீதிமன்றம் வரையில் போனதும், முடிவில் கோயில் மீண்டும் இந்து சமய அறநிலையத் துறையிடமே வந்ததும் இங்குள்ள நடுவயதினர் எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். அன்று எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். நேரம் பார்த்துத் திறந்து, நேரம் பார்த்துப் பூட்டி, கற்பூரம் ஏற்றத் தடை போட்டு, நந்திக்குக் கயிறு கட்டிக் காக்க வேண்டிய வஸ்துவன்று கோயில். ஆனால், "இது மியூசியம் அல்ல" என்று வாதாடி வென்ற நாம், மியூசியங்களில் நடக்கும் நல்ல காரியங்களையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம். எது எந்தக் காலத்தது, யார் கொடுத்தது, இந்தச் சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று வருகிறவனுக்குச் சொல்லும் மரியாதை ஒரு கலைக்கூடத்தின் தனி உரிமையன்று. பிரகாரத்தைச் சுற்றி வந்தால், குடிநீர்த் தொட்டியையும் மின்விசிறியையும் உபயம் செய்தவர்களின் பெயர்கள் தடித்த எழுத்தில் தெரிகின்றன. ராஜேந்திர சோழன் காலத்தில் உபயம் செய்தவர்களின் பெயர்கள் எண்ணெய்ப் பிசுக்கினடியில் கிடக்கின்றன.

அந்தச் சுவர்களை வரி வரியாக யாரும் படித்ததில்லையென்று சொன்னால் அபாண்டம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் திருவண்ணாமலையை ஆராய்ந்து 1989 முதலாக ஐந்து தொகுதிகள் வெளியிட்டார்கள். கல்வெட்டுகளைப் பதிப்பித்தவர் பி. ஆர். சீனிவாசன்; பிரான்சுவாஸ் லெர்னோ, மரி-லூயிஸ் ரெனிஷ் என்ற இரு பெண்மணிகளும் அவர்களோடு சேர்ந்தவர்களும் கட்டடம், திருவிழா, சமூகம், நகரம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து எழுதினார்கள். கல்வெட்டுப் பகுதி தவிர ஏனையவை பெரும்பாலும் பிரெஞ்சு பாஷையில். பாரிஸிலே ஒரு மாணவர் நூலகத்துக்குப் போய், எங்கள் ஊரில் எந்தத் திருவிழாவில் எந்த வாகனம் எந்த வீதியில் திரும்பும் என்பதைச் சாவகாசமாகப் படிக்கலாம். தேரடி வீதியில் வசிக்கும் நான் படிக்க முடியாது. இதை அவர்கள்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவற்றைத் தமிழாக்க வேண்டுமென்று நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான்.

பார்க்க வேண்டுமென்று வந்த ஐரோப்பியர் சிலர் இவ்வூரைப் பார்த்த விதமும் கவனிக்கத் தக்கது. சாமர்செட் மாம் 1938-இல் ரமணாசிரமத்தில் இருந்தது சில மணி நேரமே. அதிலும் ஒரு பகுதி மயக்கமுற்றுப் படுத்திருந்ததில் கழிந்தது. எஞ்சிய சொற்ப நேரத்தில் அவர் கண்டது 1944-இல் வெளியான அவருடைய நாவலுக்குள் ஒரு மகானாக நடமாடுகிறது. 1950 ஏப்ரலில் ரமணர் தேக வியோகமடைந்த நாட்களில் புகைப்படக் கலையின் மேதை ஆன்றி கார்த்தியே-பிரெஸோன் இங்கே இருந்தார். அந்தக் கடைசி நாட்களின் படங்களை உலகம் அவர் கண்ணால்தான் கண்டது. ஒரு பகலே இருந்தாலும் ஒன்றைப் பார்த்துவிட முடியும் என்பதற்கு இவர்கள் சாட்சி. எழுபத்தைந்து நிமிஷத்தை நான் குறை சொன்னதுகூடச் சற்று அவசரந்தானோ என்று இதை எழுதும்போது தோன்றுகிறது.

கோயிலை விட்டு வெளியே வந்தால் பொறுப்பு இன்னும் பெரிது. மலைபடுகடாம் புகழ்ந்து பாடும் நன்னனின் நாடு எங்கள் செங்கம்; அந்தச் செங்கத்தைச் சுற்றிலும் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் நிற்கின்றன; தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் தலைமையில் அவற்றைத் தேடியெடுத்துப் படித்துத் தனி நூலாகவே வெளியிட்டது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் எனக்கு மிகவும் பிரியமானது. ஏழாம் நூற்றாண்டில், மகேந்திரவர்மன் ஆட்சியில், மாடு பிடிக்க வந்தவர்களோடு பொருது மாண்ட ஒரு வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துத் தன் தலைவனைக் காத்து நின்ற செய்தியும் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கிறது. லூவரிலே நாய்கள் இடம்பெற்ற ஓவியங்களுக்குக் குறைவில்லை. அந்த விருந்துச் சித்திரத்திலேயே நாய்கள் உண்டு. அவற்றின் பெயர் யாருக்கும் தெரியாது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் கிராமத்தார் தங்கள் நாயின் பெயரை மறக்கக் கூடாதென்று கல்லில் வெட்டினார்கள்.

இத்தகைய கற்களைத் தூக்கிக்கொண்டுபோய் வேலூர்க் கோட்டைக்குள்ளோ எழும்பூரிலோ வைத்தால் பத்திரமாக இருக்கும் என்பவர்கள் உண்டு. சாலை போடும் பொக்லைன் இயந்திரத்துக்கும், புதையல் தேடும் மூடர்களுக்கும் இரையாவதைவிட அது மேல்தான். ஆனாலும் என் அபிப்பிராயம் வேறு. நடுகல்லுக்கு அந்த ஏரிக்கரையே பீடம். பொங்கலன்று அதற்குப் படையல் போடும் குடும்பம் அந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது. ஒரு கூரையும், நான்கு தூணும், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கூடிய ஒரு பலகையும் அங்கேயே வைத்தால் போதும். பஞ்சாயத்தின் ஒரு நாள் செலவு. கோயிலிலும் அப்படியே, வெளிப் பிரகாரங்களில் கல்வெட்டுள்ள இடங்களில் எண்ணெய் படாத தூரத்தில், யார், எப்போது, எதைக் கொடுத்தார் என்ற மூன்றே செய்திகளை எளிய தமிழில் எழுதி வைக்கலாம். தரிசனத்துக்கு வருபவர் வரிசை ஒரு விநாடிகூடத் தாமதிக்க வேண்டியதில்லை. நிற்க விரும்புகிறவன் நிற்பான். கிரிவலப் பாதையின் பதினான்கு கிலோமீட்டரில் இளநீர்க் கடைக்கு இடமிருக்கும்போது, ஊர் வரலாறு படித்த இளைஞர் நால்வர் பௌர்ணமியல்லாத நாட்களில் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு நடக்க இடமில்லாமற் போகாது.

"கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட வேண்டும், சுவர் படிக்கவா போகிறோம்?" என்று என் நண்பர் ஒருவர் ஆட்சேபிக்கிறார். பக்தர் அவர், அவருடைய ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுவரில் எழுதியவனும் சாமி கும்பிட வந்தவன்தானே.

அன்றைய பிற்பகலில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். சுவரின் கீழ்ப்படையில் சில எழுத்துகள் சற்றுத் தெளிவாகத் தெரிந்த ஓரிடத்தில் குனிந்து நின்று, நான் அறிந்த சொற்ப எழுத்தறிவைக் கொண்டு தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தேன். நெய் விளக்கு விற்கும் ஓர் அம்மாள் அங்கேதான் தட்டை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"இன்னா ஐயா, செவுத்தையே பாத்துக்கினு நிக்கிறீங்க? எதுனா காணாம பூட்டுதா?"

விளக்கு எரிக்க ஒருவர் ஆடு கொடுத்ததாக எழுதியிருக்கிறது என்றேன். சோழர் காலத்தில் அணையாத நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடு விடுவது வழக்கமென்றும், அவற்றின் பாலிலிருந்து வரும் நெய்யைக் கோயிலுக்கு நாள்தோறும் அளக்க வேண்டுமென்றும் சொன்னேன்.

"ஓ, நாம டியூப்லைட்ல பேரு எழுதறா மாதிரி" என்று ஒரே மூச்சில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஆடு செத்துப்பூட்டா?" என்றார்.

அவை சாவாமல் மூவாமல் கணக்கில் எப்போதும் அதே எண்ணிக்கையில் இருக்க வேண்டும், குறைந்தால் குட்டியால் ஈடு செய்ய வேண்டும், அதனால் "சாவா மூவாப் பேராடு" என்றே கல்லில் வெட்டுவார்கள் என்று விளக்கினேன். அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டார்.

"ஒரு ஆடு பத்தாயிரம்னு வச்சாகூட ஒம்பது லட்சத்து அறுபதாயிரம் ஐயா. ஒரு வெளக்குக்கா!" என்று சொல்லிவிட்டு, எழுந்து, தம்முடைய தட்டையும் எரிந்துகொண்டிருந்த நான்கு அகல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரை விட்டு மூன்றடி தள்ளி வைத்தார்.